முருங்கமரத்து லயத்தில் தெரியாத சிவப்பு

"போன் பழுது" என்று எங்கள் முதலாளி சொன்னான். அந்த இரண்டு சொற்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. பாலம்மாவின் போனில் ஒரு பழுதும் இருக்கவில்லை. கண்டியில் யாரோ பாவித்து முடித்து விற்றதை மகன் கணேஸ் வாங்கிக் கொடுத்திருந்தான். கண்ணாடியில் ஒரு மூலை வெடித்திருந்தது, அவ்வளவுதான். அதில் பேசலாம், படம் பார்க்கலாம், கோயில் திருவிழாவை வீடியோ எடுக்கலாம். நாங்கள் செய்த செயலியில் மட்டும் அவருடைய வீட்டுக்கு மேலே இருந்த ஆபத்து தெரியவில்லை.

அந்தச் செயலியைச் செய்தவர்களில் ஒருத்தி பாலம்மாவின் மகள் யசோதா. இது அவளுடைய கதை. நான் ஷிரோமி, அவளுக்கு எதிர் மேசையில் இருப்பவள், கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியக்காரி. வீட்டில் என்னைச் செத்தல் மிளகாய் என்பார்கள். யசோதாவோடு வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் நான் காரமில்லாத வெறும் கறிமிளகாய் என்று தெரிந்தது.

கலஹா என்ற மலை ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத்துக் கணக்கில் அந்தப் பகுதிக்கு கிரீன்ஹோப் லோவர் டிவிஷன் என்று பெயர். அங்கே இருப்பவர்கள் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது முருங்கமரத்து லயம். ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள்தான் லயம். அதன் கடைசிக் காம்பராவில் பிறந்தவள் யசோதா. அப்பா ராஜலிங்கம் அவள் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான ஏ.எல். எடுக்கும் முன்பே செத்துப்போனார். அம்மா கொழுந்து பறித்துப் படிக்கவைத்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அவள் போகவேண்டிய காலை பஸ் லயத்தடியில் நிற்காது, நிரம்பிவிட்டது என்று சொல்லிப் போய்விடும். ஒருநாள் இவள் குடையை விரித்துக்கொண்டு நடுவீதியில் நின்றாள். டிரைவர் இறங்கி வந்து ஏச, இவள் அதைவிட அதிகமாகத் திருப்பி ஏச, அன்றிலிருந்து பஸ் நின்றது. இதை அவள் வீரக் கதையாகச் சொல்வதில்லை. "நிக்க வேண்டிய பஸ்ஸுதானே அக்கா? அதுக்குப் போயி என்னைய எதுக்குச் சண்ட போட வச்சாங்க?" என்று அதற்கும் சேர்த்துக் கோபப்படுவாள்.

எங்கள் அலுவலகம் பிலிமத்தலாவையில், கொழும்பு வீதியோரம், ஒரு பித்தளைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே குத்துவிளக்குத் தட்டும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். முதலாளி ரொஹான். கண்டியில் பிறந்து வளர்ந்தவன், என்னைப்போல வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், வீட்டில் தமிழ்தான் பேசுகிறான். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். ஆனால் பெரிய இடத்து ஆட்கள் தலையாட்டினால் போதும் அவனுக்கு, உலகமே தலையாட்டிவிட்டது என்று நினைத்துக்கொள்வான்.

மலையில் மண் சரியக்கூடிய இடங்களைச் சனங்கள் தங்கள் போனிலேயே பார்ப்பதற்கு ஒரு செயலி வேண்டும் என்று ஓர் உதவி நிறுவனம் கேட்டது. மழைக்கு முன் முடிக்கவேண்டும், சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யவேண்டும். கடையில் சோறு கட்டித் தரும், அடியில் உள்ளது தெரிகிற மெல்லிய பிளாஸ்டிக் லன்ச் ஷீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஷீட்டில் ஆற்றை மட்டும் வரைந்து, இன்னொன்றில் வீதியை மட்டும் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒரே படமாகத் தெரியும் அல்லவா? எங்கள் வரைபடமும் அப்படித்தான். அடியில் நிலம், அதன்மேல் மலையின் நிழல், ஆறு, வீதி, வீடுகள், பிறகு ஊர்ப் பெயர்கள். எல்லாவற்றுக்கும் மேலே கடைசியாகச் சிவப்பு. சிவப்பு விழுந்த இடத்தில் மண் சரியும் என்று அர்த்தம். ஒவ்வொரு அடுக்குக்கும் படம் தயாரிப்பவன் அக்குறணை ஊர்க்காரன் ஹுதைபா. அவற்றைப் போனில் அடுக்கிக் காட்டும் நிரலை எழுதுபவள் யசோதா. பெயர்களைச் சரிபார்ப்பது என் வேலை.

பெயர் அடுக்கு முதலில் இரண்டுதான் இருந்தது, சிங்களமும் ஆங்கிலமும். தமிழ் "அடுத்த வேர்ஷன்ல பாப்பம்" என்றான் ரொஹான். தமிழன் வாயாலேயே இதைக் கேட்க வேண்டியிருந்தது எங்கள் தலைவிதி. யசோதா கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"சேர், எங்க அம்மாவுக்கு இங்கிலீஷும் தெரியாது, சிங்களமும் வாசிக்கத் தெரியாது. மண்ணு யாரு மேல விழும்னு நெனக்கிறீங்க?"

"பேர் என்ன பேர் யசோ? எந்த மொழியில எழுதினாலும் அதே இடம்தானே."

"இல்ல சேர். கிரீன்ஹோப் லோவர் டிவிஷன்னு தமிழ்ல எழுதினாலும் எங்காளுங்களுக்கு அது எதுன்னு வெளங்காது. முருங்கமரத்து லயம்னு போடணும்."

அது உண்மை. தோட்டத்தை நடத்தும் துரைமார் வைத்த பெயர் ஒன்று, சனங்கள் கூப்பிடும் பெயர் வேறொன்று. பாறையடி, புதுக்காடு, சங்கிலித் தோட்டம் என்று ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு பெயர் இருக்கிறது, எந்த அரசாங்க வரைபடத்திலும் அது இல்லை. அவள் மேசையைத் தட்டித் தட்டியே ரொஹானைச் சம்மதிக்க வைத்தாள். அந்தப் பெயர்களை நான் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டு வந்தேன். அட்டை கடித்த இடம் காலில் இன்னும் தழும்பாக இருக்கிறது. தமிழ் அடுக்கு வந்தது. ரொஹான் அதையும் தன் கெட்டித்தனமாக்கிக்கொண்டான். மொழிப் பொத்தானைத் தட்டினால் கண் இமைக்கும் நேரத்தில் பெயர்கள் மூன்று மொழியிலும் மாறவேண்டும் என்றான். அதற்காக மூன்று அடுக்கையும் எப்போதும் தயாராக ஏற்றி வைக்கச் சொன்னான். வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் அதைத் தட்டித் தட்டிக் காட்டினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யசோதா வீட்டுக்குப் போனாள். தன் அம்மாவின் போனில் செயலியை ஏற்றிக் கொடுத்தாள். முருங்கமரத்து லயம் என்று எழுத்தில் பார்த்ததும் பாலம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்துக் காம்பராப் பெண்களையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு கேட்டார்.

"என்னா பாப்பா, எல்லாம் பச்சையா இருக்கு? மேல மல வெடிச்சிருக்குன்னு கம்பு நட்டு அளந்துட்டுப் போனாங்களே. இதுல ஒன்னும் இல்லையே. அப்ப பயமில்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிறவா?"

யசோதா போனைப் பறித்துப் பார்த்தாள். நிலம் இருந்தது, ஆறு இருந்தது, வீடு இருந்தது, மூன்று மொழிப் பெயரும் சரியாக மாறின. சிவப்பை மட்டும் காணோம். அலுவலகத்துப் போன்களில் அதே லயத்தின் மேல் இரத்தம் கொட்டியதுபோலச் சிவந்திருப்பதை அவள் எத்தனையோ தரம் பார்த்தவள்.

"யார்கிட்டயும் சொல்லாதம்மா. இது பொய் சொல்லுது" என்றாளாம்.

திங்கட்கிழமை அந்தப் போனையும் எடுத்துக்கொண்டுதான் வேலைக்கு வந்தாள். ரொஹான் தன் மேசையிலிருந்த மூன்று போன்களில் செயலியைத் திறந்து காட்டினான். மூன்றும் விலை கூடிய போன்கள். மூன்றிலும் சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. அப்போதுதான் அந்த இரண்டு சொற்களைச் சொன்னான்.

"போன் பழுது யசோ. இந்த மாதிரி போனுக்கெல்லாம் நாங்க பொறுப்பெடுக்க ஏலாது."

"இந்த மாதிரி போனுதான் சேர் மலையில இருக்கு. ஒங்க மேசையில இருக்கிற மாதிரி போன் வச்சிருக்கிறவங்க, மலைக்கு ஹோட்டல்ல தங்க வர்றவங்க."

அவள் போனை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குத் திரும்பினாள்.

யசோதா சும்மா இருப்பாளா? முதலில் பாய்ந்தது ஹுதைபா மேல்தான். சிவப்பு, பாதி கண்ணாடிபோல அடியில் உள்ளதைக் காட்ட வேண்டிய நிறம். அப்படிப்பட்ட படத்தைப் பிழையான வகையில் சேமித்தால் பழைய போன்கள் அதைத் திறக்காமல் விட்டுவிடும். அவன் அப்படித்தான் செய்திருப்பான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

"ஒழுங்கா ஒரு படம் சேவ் பண்ணத் தெரியாதா ஒங்களுக்கு? மனுசங்க உசுரு இது!"

ஹுதைபா மென்மையான ஆள். முகம் கறுத்துப் போய்விட்டது. "எனத்த யசோதா இப்பிடிச் சொல்ற? நா அனுப்பின படத்துல பிழ ஈக்கிதா எண்டு தனியாப் போட்டுப் பாருங்களே. பாத்துப் போட்டு ஏசுங்க" என்றான்.

அவள் மற்ற அடுக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சிவப்பை மட்டும் பாலம்மாவின் போனில் போட்டாள். வெறுந்திரையில் முழுச் சிவப்பும் அழகாக வந்து நின்றது. ஹுதைபாவின் படத்தில் ஒரு குறையும் இல்லை. அவளுக்கு மன்னிப்புக் கேட்க வாய் வராது. மறுநாள் தானே சுட்ட ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்து அவன் மேசையில் வைத்தாள். அவன் ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு அவள் செய்ததைப் பார்த்துத்தான் எனக்கு அவள்மேல் மரியாதை கூடியது. ஊகிப்பதை விட்டுவிட்டாள். அடியிலிருந்து ஒவ்வொரு அடுக்காகப் போட்டுப் பார்த்தாள். நிலமும் சிவப்பும் போட்டால் சிவப்பு தெரிந்தது. நிழலைச் சேர்த்தாள், தெரிந்தது. ஆறு, வீதி, வீடு என்று சேர்த்துக்கொண்டே போனாள், தெரிந்தது. எல்லாம் போட்டு முடித்ததும் மறைந்தது. கடைசியாகப் போட்ட அடுக்குத்தான் கள்ளன் என்று நானும் நினைத்தேன். ஆனால் அவள் அதை அப்படியே வைத்துக்கொண்டு வீதியைக் கழற்றினாள், சிவப்பு வந்தது. வீதியைத் திரும்பப் போட்டு ஆற்றைக் கழற்றினாள், அப்போதும் வந்தது. எதைக் கழற்றினாலும் வந்தது.

"எந்த லேயரும் பிழையில்லக்கா" என்றாள். "பஸ்ஸு மாதிரி. ஆள் கூடிப்போச்சு. கடசியா ஏற வந்ததக் கீழ விட்டுட்டுப் போகுது."

விஷயம் அதுதான். ஒவ்வொரு போனுக்கும் ஒரே தடவையில் இத்தனை படங்களைத்தான் கையில் வைத்து அடுக்கமுடியும் என்று ஓர் எல்லை இருக்கிறது. புதிய போன்களில் அது தாராளம். பாலம்மாவிடம் இருப்பதுபோன்ற பழைய போன்களில் எட்டு. நாங்கள் பயன்படுத்திய வரைபட மென்பொருள் போனிடம் எல்லையைக் கேட்டு, எட்டை ஏற்றிவிட்டு மிச்சத்தை விட்டுவிடும். எங்களுடையது ஒன்பது. சிவப்பு மேலே இருக்கவேண்டும் என்பதால் வரிசையில் கடைசி. ஆகவே விடப்பட்டது சிவப்பு.

இதில் என்னை எரியவைத்தது எது தெரியுமா? அந்த மென்பொருள் திருட்டுத்தனமாக விடவில்லை. இடமில்லை, ஒரு படத்தை விட்டுவிட்டேன் என்று ஒரு வரி எச்சரிக்கை எழுதத்தான் செய்தது. அப்படிப்பட்ட எச்சரிக்கைகள் திரையில் ஓடுவது அசிங்கமாக இருக்கிறது என்று ரொஹான் எல்லாவற்றையும் வாயடைத்து வைத்திருந்தான். ஊருக்கு எச்சரிக்கை சொல்லச் செயலி செய்கிறவன், தன் செயலி சொன்ன எச்சரிக்கையைக் காதில் வாங்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அவனுடைய கோப்பித் தண்ணிக் கோப்பையை எடுத்து எறிந்திருப்பேன். வேதக்காரி என்றபடியால் விட்டுவிட்டேன்.

யசோதாவின் முகம் மட்டும் சரியில்லை. "என்னடி?" என்றேன்.

"முந்தி எட்டுத்தானேக்கா இருந்துச்சு. தமிழ் லேயரு வந்துதான் ஒம்போது ஆச்சு. நான் சண்ட போட்டு ஏத்தின லேயரு. எங்கம்மா தலைக்கு மேல இருந்த செவப்ப நான்தான் தள்ளி விட்டிருக்கேன்."

"வாயை மூடு" என்றேன். "ஒரு நேரத்தில ஒரு ஆள் ஒரு மொழிதான் வாசிக்கும். ஒரு போனில மூண்டு மொழியையும் ஏத்தி வைக்கச் சொன்னது யார்? தட்டித் தட்டிக் காட்டுறதுக்கு?"

அவளுக்கும் அது விளங்கியது. வழியும் அதிலேயே இருந்தது. பார்ப்பவர் தெரிவு செய்த மொழியின் பெயரை மட்டும் ஏற்றினால் போதும், ஒன்பது ஏழாகிவிடும். மொழி மாற்றும்போது ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருக்க வேண்டிவரும், அவ்வளவுதான். ரொஹானிடம் போய்ச் சொன்னோம். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மிகவும் நியாயமானவன்போல ஒரு யோசனை சொன்னான்.

"மொழி டக்கெண்டு மாறுறதுதான் நம்மட டெமோவில விசேஷம். அதில கைவைக்க ஏலாது. இப்பிடிச் செய்வம். புதுப் போன்ல மூண்டு மொழியும் இருக்கட்டும். பழைய போன் எண்டு தெரிஞ்சா தமிழ் லேயர மட்டும் ஏத்தாம விடுவம். சிவப்பு வந்திரும்தானே? எல்லாருக்கும் சரி."

தமிழில் வாசிக்கவேண்டியவர்களின் கையில் இருப்பது பழைய போன். அதில் தமிழ் இருக்காது. தமிழ் தேவைப்படாத பெரிய அதிகாரிகளின் புதுப் போனில் தமிழ் ஜம்மென்று மின்னும். இதைவிடக் கேவலமாக ஒரு நீதியை யாராலும் யோசிக்கமுடியாது. அவனோ அதைச் சிரித்துக்கொண்டு சொன்னான்.

யசோதா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "அப்ப எங்காளுங்களுக்கு செவப்பு வேணுமா, பேரு வேணுமான்னு கேக்குறீங்க" என்றாள்.

"யசோ, உணர்ச்சிவசப்படாதீங்க. வெள்ளிக்கிழமை ஹேண்டோவர், செயலிய குடுக்க வேணும். நான் சொன்னத மட்டும் செய்ங்க."

அவள் அவன் சொன்னதைச் செய்தாள், ஒரு எழுத்து மாறாமல். எனக்கு அவள்மேலேயே ஆத்திரம் வந்தது. இவ்வளவுதானா உன் வீரம் என்று கேட்டேவிட்டேன். "பொறுங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை உதவி நிறுவனத்திலிருந்து சகீனா மேடம் வந்தார். பெரிய பதவியில் இருப்பவர், ஆனால் எங்களோடு தமிழில்தான் பேசுவார். ரொஹான் தன் போனில் மொழியைத் தட்டித் தட்டிக் காட்டினான். அவர் தலையாட்டினார். அவன் முகம் மலர்ந்தது. அந்த நேரத்தில் யசோதா எழுந்துபோய், மூலை வெடித்த போனை மேடத்தின் முன்னால் வைத்தாள்.

"மேடம், இது தோட்டத்துல இருக்கிற போனு. இதுல முருங்கமரத்து லயம் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுத் தாங்க. எங்கம்மா அங்கதான் இருக்காங்க. மழ பெய்யுதுன்னு வச்சுக்கங்க."

மேடம் திரையை இழுத்து இழுத்துப் பார்த்தார். சிவப்பு இருந்தது. நிறையவே இருந்தது. எந்தச் சிவப்புக்குக் கீழே எந்த லயம் என்றுதான் தெரியவில்லை. "தமிழ் எங்க?" என்று கேட்டார்.

"பழைய போனுக்குத் தமிழ் குடுக்கல மேடம். ஒங்க போன்ல மொழி சட்டுனு மாறணும்கிறதுக்காக."

ரொஹான் என்னென்னவோ சொல்லத் தொடங்கினான். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு மூச்சு நேரம் காத்திருக்க எவருக்கும் கஷ்டமில்லை, அந்தந்த ஆளின் மொழி மட்டும் ஏறட்டும் என்றார். யசோதா அதை எழுதி முடித்தே வைத்திருந்தாள். அங்கேயே பாலம்மாவின் போனில் ஏற்றிக் காட்டினாள். முருங்கமரத்து லயம் என்று தமிழில் பெயர், அதன்மேல் இரத்தச் சிவப்பு. தன் வீட்டின்மேல் ஆபத்து இருப்பதைப் பார்த்து ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

மேடம் எழும்பப் போக, யசோதா விடவில்லை.

"இப்ப ஏழுதான் மேடம். இந்தப் போன்ல இன்னும் ஒரு எடம் மிச்சம் இருக்கு. செவப்பப் பாத்துட்டு எங்க ஓடுறதுன்னு யாருமே சொல்லலையே. அத அந்த எடத்துல போட்டுறலாம்."

ஒப்பந்தத்தில் அது இல்லை என்றான் ரொஹான். நல்ல யோசனை என்றார் மேடம். சிவப்புக்கு வெளியே, நடந்து போகக்கூடிய தூரத்தில், கூரையும் சுவரும் உறுதியான கட்டடமாக இருந்தால் பச்சை வீட்டு அடையாளம் போடலாம் என்று விதியும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வேலையை நானும் யசோதாவும் ஹுதைபாவும் சேர்ந்து செய்தோம். பள்ளிக்கூடங்கள், கோயில் மண்டபங்கள், மாதா கோயில்கள், பள்ளிவாசல்கள் என்று பச்சை வீடுகள் நிரம்பின. முருங்கமரத்து லயத்துக்கு வந்தபோது நின்றுவிட்டோம். அதன் பள்ளிக்கூடம் சிவப்பு. கோயில் சிவப்பு. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விடும் பிள்ளை மடுவம் சிவப்பு. லயங்களைக் கட்டியவன் சரிவான இடமாகப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் கட்டியிருக்கிறான். அந்த மலை முழுவதிலும் சிவப்பு விழாத கட்டடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தட்டையான மேட்டில், புல்தரை நடுவில், கருங்கல் சுவரோடு துரை பங்களா.

ஹுதைபா என்னைப் பார்த்தான். நான் யசோதாவைப் பார்த்தேன்.

"விதியில துரை வீடு ஆகாதுன்னு இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

போட்டுவிட்டாள்.

செயலி வெளியே போனது, பாலம்மாவின் போனும் அவரிடம் திரும்பிப் போனது. மழையும் வந்தது. இரண்டாவது நாள் பின்னேரம் அலுவலகத் தொலைபேசி அடித்தது, நான் எடுத்தேன். ஒரு மனிதர் ஆங்கிலத்தில் ஏசத் தொடங்கினார், சிங்களத்துக்கு மாறினார், நான் தமிழில் யார் பேசுறது என்று கேட்டதும் தமிழுக்கு வந்தார். மூன்று மொழியும் கண் இமைக்கும் நேரத்தில் மாறியது. கிரீன்ஹோப் துரை.

"யார் என்னோட பங்களாவ மேப்ல போட்டது? லயத்து ஆட்கள் பாயோட சட்டியோட வந்து வராந்தாவில நிக்கிறாங்க! கேட்டா போனைக் காட்டுறாங்க! யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

நல்ல பதிலாகச் சொல்லவேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் யசோதா வந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டாள்.

"நான்தான் போட்டேன் சேர். எங்க வீட்டு மேல செவப்பு இருக்கு. ஒங்க வீட்டு மேல இல்ல. அந்த வராந்தாவுல எங்கம்மாவும் நிக்கிறாங்க, பேரு பாலம்மா, ஒங்க தோட்டத்துக் கொழுந்ததான் இத்தன வருசமாப் பறிச்சாங்க. மொதல்ல கதவத் தொறங்க. தொறந்துட்டு அப்பறமா எடுத்து என்னைய எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஏசுங்க. நான் போன வைக்க மாட்டேன்."

மறுமுனை கட்டானது. அவள் தொலைபேசியை வைக்காமலே நின்றாள். கொஞ்ச நேரத்தில் சகோதரன் கணேஸ் அவளுடைய கைப்போனுக்கு ஒரு படம் அனுப்பினான். பாலம்மா துரையின் சாப்பாட்டு மேசைக் கதிரையில், நனைந்த சேலையோடு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் பூப்போட்ட கோப்பை. கீழே கணேஸ் எழுதியிருந்தான், "தேத்தண்ணி குடுத்தாங்க."

இருட்டும் முன் மலை இறங்கியது. முருங்கமரத்து லயத்தின் பின் வரிசைக் காம்பராக்கள், யசோதா பிறந்தது உட்பட, மண்ணுக்குள் போய்விட்டன. உள்ளே ஒருவரும் இருக்கவில்லை.

பாதை திறந்ததும் நானும் அவளோடு போனேன். பாலம்மா அப்போது துரையின் கார்க் கொட்டிலில் மற்றவர்களோடு இருந்தார். அழவில்லை. போனை நீட்டி, தன் வீட்டுப் பெயர் இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"பாப்பா, வீடுதான் போச்சு. இனி இந்தப் பேரையும் எடுத்துறுவீங்களா?"

யசோதா போனை வாங்கி அந்தப் பெயரைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

இல்லாமல்போன கட்டடங்களை வரைபடத்திலிருந்து நீக்கும்படி உதவி நிறுவனம் சொல்லி அனுப்பியது. ரொஹான் அவள் மேசைக்கு வந்தான். எங்கள் மும்மொழிச் செயலி உயிர்களைக் காப்பாற்றியது என்று கம்பனிப் பக்கத்தில் அவன் போட்டதை அதற்குள் நாங்கள் எல்லோரும் வாசித்திருந்தோம்.

"யசோ, அந்த லயத்த எடுத்திருங்க. இனி அங்க ஒண்டும் இல்லத்தானே. பேரையும் சேத்து எடுங்க, வெறும் இடத்தில பேர் இருந்தா பிழை எண்டு நினைப்பாங்க."

அவள் கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தாள்.

"வீடு ஒரு லேயரு சேர். பேரு வேற லேயரு" என்றாள். "வீட்ட எடுக்கிறேன். அது மண்ணுக்குள்ள போனது. பேர எடுக்க மாட்டேன். அந்தப் பேர வச்சு அவுங்களுக்கு வீடு கட்டித் தர்ற வரைக்கும், எவனும் எடுக்க விடமாட்டேன்."

வீடு இன்னும் கட்டப்படவில்லை. பேசிக்கொண்டிருக்கிறார்களாம். கலஹாப் பக்கம் போகிறவர்கள் அந்தச் செயலியைத் திறந்து பாருங்கள். ஆற்றுக்கு மேலே, வீதி வளைகிற இடத்தில், வீடே இல்லாத ஒரு சரிவின்மேல் முருங்கமரத்து லயம் என்று எழுதியிருக்கும்.